முப்பத்தோராம் நாள்

கத்தரிக்கோலின் நுனி சட்டைக் கழுத்தின் இடப்பக்கம் பதிந்தபோது ஃபரங்கீஸ் அசையாமல் நின்றாள். கத்தரியைப் பிடித்திருந்தது ஃபோர்த்யூனேயின் கை. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் துணி வெட்டித் தைத்துக் கொடுத்த கை அது. ஒரு விரற்கடை வெட்டிவிட்டுக் கத்தரியை மேசைமேல் வைத்தாள்.

"மீதிய நீதான் கிழிக்கணும், கண்ணு. அப்பாவுக்குன்னா நெஞ்சு வரைக்கும் கிழிக்கணும். உள்ளதான் கம்பளிச் சட்டை போட்டிருக்கியே, ஒண்ணும் தெரியாது. இழு."

ஃபரங்கீஸ் இழுத்தாள். கெட்டித் துணி, சுலபத்தில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததும் சர்ரென்று பிரிந்தது. ஃபோர்த்யூனேயின் கணவர் நெசிம் மரியாதைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடி, உண்மையுள்ள நீதிபதியைத் துதிக்கும் அந்த ஒற்றை வரியைச் சொல்லிக் கொடுத்தார். அவளும் சொன்னாள். அர்த்தம் தெரிந்த வரிதான். ஆனால் யாரோ ஒரு பெண் பக்கத்து அறையில் சொல்வது மாதிரி அது அவள் காதில் விழுந்தது.

இருபது நிமிடத்துக்கு முன்னால்வரை அவளுக்கு அப்பா இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை முடிந்த பரீட்சையின் அலுப்புக்குக் கொஞ்சம் படுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீராஸிலிருந்து பல் வைத்தியம் படிக்க இஸ்தான்புல்லுக்கு வந்து நாலு வருடம். நாலு வருடமும், தன்னைப் போலவே யூதர்களான ஃபோர்த்யூனே தம்பதியின் இந்த மூன்றாவது மாடி வீட்டில்தான் குடியிருக்கிறாள். "இங்க வந்து உட்காரும்மா" என்று ஃபோர்த்யூனே கூடத்திலிருந்து கூப்பிட்டாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டதில்லை. 

"உங்கப்பா தவறிட்டார். போன மாசமே. ஒரு வெள்ளிக்கிழமை. இன்னியோட முப்பத்தோரு நாள் ஆச்சு."

அப்பா என்ற வார்த்தையை விட்டுவிட்டு முப்பத்தொன்று என்ற எண்ணைத்தான் ஃபரங்கீஸ் முதலில் பிடித்துக்கொண்டாள். முப்பத்தோரு நாளாக இவள் என்னென்ன செய்தாள்? பல் வேர்களின் பெயர்களை நெட்டுருப் போட்டாள். ஃபோர்த்யூனேயின் மகள், கல்யாணப் பெண் கோரினோடு இரண்டு தடவை சினிமாவுக்குப் போனாள். பனி பெய்தபோது பால்கனியில் நின்று நாக்கை நீட்டினாள். 

"உங்கம்மா கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்களாம். கடைசி வருஷப் பரீட்சை, முடியுற வரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு. தெஹ்ரான்ல இருக்காரே உங்க சித்தப்பா, அவர்தான் ஃபோன்ல எங்கிட்ட பிரெஞ்சுல சொன்னார். பெத்தவ கேக்குறப்ப நான் என்ன பண்ண முடியும்?"

"மகனா இருந்தா மறைச்சிருக்க முடியாது" என்றார் நெசிம். "எந்திரிச்சு நின்னு கதீஷ் சொல்லணுமே. மகளுக்குன்னா மறைக்கலாம், தப்பில்லன்னு நம்ம ஜெபாலயத்து ஹஹாமும் சொல்லிட்டார்."

கதீஷ் என்பது செத்தவருக்காகப் பிள்ளை தினமும் ஜெபாலயத்தில் சொல்வது. அதைச் சொல்லப் பத்து ஆண்கள் கூட வேண்டும், சொல்பவனும் ஆணாக இருக்க வேண்டும் என்பது இவர்கள் ஜெபாலயத்தின் வழக்கம். ஷீராஸிலும் அப்படித்தான்.

"அப்ப எங்கப்பாவுக்கு யார் சொன்னாங்க?"

நெசிம் தலையிலிருந்த குல்லாயைத் தொட்டு, அது சரியாக இருந்தும் சரிசெய்தார். ஃபரங்கீஸுக்குப் புரிந்துவிட்டது. நாலு சனிக்கிழமையாகப் பெண்கள் உட்காரும் மாடியிலிருந்து அவள் பார்த்தது அதுதானே. நெசிம் திடீரென்று எழுந்து நின்று கரகரத்த குரலில் கதீஷ் சொல்ல ஆரம்பித்திருந்தார். மேலிருந்து அவள் ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் ஆமேன் சொன்னாள். முதல் வாரம் படியிறங்கும்போது கேலியாகக் கேட்கவும் கேட்டாள்.

"யாருக்கு முஸ்யூ நெசிம், புதுசா?"

"தெரிஞ்ச ஒருத்தர். ஆம்பளப் பிள்ளை இல்லாதவர்."

"அடப் பாவமே. அதுக்காக உங்கள மாதிரி தொண்டை கட்டுன ஆளுதானா கிடைச்சார் அவருக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நெசிமும் சிரித்தார். அவர்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரியும்? அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். சனிக்கிழமை மதியம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தட்டில் கூடுதலாக ஒரு துண்டு வைத்தவர்கள், மூலைக்கடைக்காரர் வீட்டு அம்மா, சும்மாவே தலையைத் தடவிவிட்டுப் போன அந்தக் கிழவர், எல்லாரும். பரீட்சைக்குப் படிக்கிற பெண் என்ற பாசம் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நெசிம் ஒரு தலையணையைக் கொண்டுவந்து தரையில் போட்டார். "செருப்பக் கழட்டிட்டு இதுல உட்காரு. மூணு மணி ஆகப் போகுது. நாலு மணி வரைக்கும்."

"நாலு மணி வரைக்கும்னா?"

"ஒரு மணி நேரம்தாம்மா. சேதி முப்பது நாளுக்குள்ள வந்தா, முப்பதாம் நாளே வந்தாலும், ஏழு நாள் தரையில உட்காரணும். முப்பது தாண்டிட்டா ஒரு மணி நேரம். சட்டம் அப்படி. பொதைச்ச நாள்லேர்ந்து கணக்கு. நேத்தோட முப்பது முடிஞ்சிருச்சு."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். உனக்குப் பாரம் குறைவு என்கிற மாதிரி. ஃபரங்கீஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் நேர் எதிரே இருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஒரு அப்பாவை எங்கிருந்து ஆரம்பிப்பது? ஐந்து நிமிடம் கிழிந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோர்த்யூனேயும் நெசிமும் நாற்காலிகளில் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது. அடுத்த அறையில் கோரின் எதையோ இஸ்திரி போடும் சத்தம் நின்று நின்று வந்தது. புதன்கிழமை கோரினுக்குக் கல்யாணம். செவ்வாய்க்கிழமை சம்பந்தி வீட்டுப் பெண்கள் சீர்வரிசையைப் பார்க்க வருகிறார்கள். அதற்காக இந்தக் கூடத்தின் சோபாவை ஏற்கெனவே ஓரம் கட்டியாயிற்று. ஜன்னலிலிருந்து கதவுவரை கயிறு கட்டி, லேஸ் வைத்த இரவு உடைகளும் படுக்கை விரிப்புகளும் தொங்கின. ஃபரங்கீஸ் தரையில் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு பட்டுப் பாவாடையின் ஓரம் ஆடியது.

"அவருக்கு இடது காது கேக்காது" என்று திடீரென்று சொன்னாள்.

"யாரு, உங்கப்பாவுக்கா?" ஃபோர்த்யூனே முன்னால் குனிந்தாள்.

"அந்தக் காதுலதான் முதல்ல ஃபோன வெப்பார். ஒவ்வொரு தடவையும். ஹலோ ஹலோன்னு கத்துவார், லைன் சரியில்லன்னு திட்டுவார், அம்மா வந்து கைய மாத்தி விடணும். அரை நிமிஷம் அதுலயே போயிரும். எனக்குக் கோவமா வரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நாலு ஞாயித்துக்கிழமையா அவர் பேசல. கடைக்குப் போயிட்டார், குளிக்கிறார், தூங்குறார்னு அம்மா சொன்னாங்க. போன வாரம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவருக்குப் பொண்ணு ஒருத்தி இருக்கிறதே மறந்துபோச்சு போல, மறக்கட்டும், நானும் மறந்துடறேன்னு சொன்னேன். அம்மா ஒண்ணுமே சொல்லல."

ஃபோர்த்யூனே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பாவின் பெயர் நூருல்லா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதலாளி இல்லை, வேலையாள். முப்பத்திரண்டு வருடம் அதே கல்லாவுக்குப் பின்னால் நின்று, வருபவர்களின் மூக்கை அளந்து, சட்டத்தை வளைத்துக் கொடுத்தார். முதலாளியின் மகன், பிறகு பேரன், எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். விசேஷ வீடுகளுக்குப் போனால் கடைசி மேசையில் உட்காருவார். பரிமாறுகிறவர்கள் அங்கே வருவதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும், கறி தீர்ந்துபோயிருக்கும். "பரவாயில்ல, பசிக்கல" என்பார். வீட்டுக்கு வந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவார். சின்ன வயதில் ஃபரங்கீஸுக்கு அது அவமானமாக இருக்கும். கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன் என்று அம்மாவோடு சேர்ந்து அவளும் எரிந்து விழுந்திருக்கிறாள்.

மூன்றேகால் ஆனதும் ஃபோர்த்யூனே எழுந்தாள். "உங்கம்மா கூடப் பேசணும்ல? இரு, நானே போட்டுத் தரேன்." எண்ணை அவளே சுழற்றினாள். நாலைந்து தடவை முயன்று லைன் கிடைத்ததும் நீளக் கம்பியை இழுத்துத் தரைவரை கொண்டுவந்து ரிசீவரை ஃபரங்கீஸின் கையில் வைத்தாள்.

"ஜான்" என்று அம்மா செல்லமாகக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் இருவரும் அழுதார்கள். ஃபாரசியில் அழுதாலும் துருக்கியில் அழுதாலும் சத்தம் ஒன்றுதான். நெசிம் ஜன்னலோரம் போய் நின்றார். ஃபோர்த்யூனே சமையலறைக் கதவருகே நின்று தானும் அழுதாள்.

"என்னைத் திட்டு" என்றாள் அம்மா. "ஆசை தீரத் திட்டிடு. நான் வாங்கிக்கறேன்."

"எப்படிம்மா ஆச்சு?"

"சபாத்துக்குக் குளிச்சிட்டு வந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டிருந்தார். ரெண்டு பொத்தான் போட்டாச்சு. என்னைக் கூப்பிட்டு, தாவூஸ், இந்த மூணாவது பொத்தான் தளர்ந்திருக்குன்னார். நான் அடுப்படிலேர்ந்து, அதெல்லாம் ஒண்ணும் தளரல, ஒழுங்கா போடுங்கன்னு கத்துனேன். விளக்கேத்த நேரமாச்சேங்கற பரபரப்பு எனக்கு. வந்து பாக்கறேன், கட்டில்ல உட்கார்ந்தபடியே சாஞ்சிருக்கார்."

"விளக்கேத்துற நேரமா?"

"ஆமா, பொழுது விழப் போற நேரம். அப்புறம் எங்க எடுக்கறது? சபாத் வந்திருச்சு. ராத்திரி பூரா, சனிக்கிழமை பூரா நானும் பக்கத்து வீட்டு மொஹ்தரமும் கூடவே உட்கார்ந்திருந்தோம். சபாத் முடிஞ்சதும் எடுத்துடலாம்னாங்க. வானத்தப் பொத்துக்கிட்டு ஊத்துச்சு பாரு மழை, குழி பூராத் தண்ணி. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான் மண்ணுல வெச்சோம். நல்லபடியாத்தான் செஞ்சோம்டி. கூட்டம் வந்துச்சு. அந்தக் கடைக்காரன்கூட வந்தான்."

ஃபரங்கீஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமைதான். ஏன்?" அம்மா மூக்கை உறிஞ்சினாள். "உனக்குப் பரீட்சை வெள்ளிக்கிழமை மத்தியானம் முடியுதே, முடிஞ்ச கையோட சொல்லிடச் சொல்லுங்கன்னு உன் சித்தப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ரெண்டு நாளா ஃபோனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், நீ கூப்பிடுவ கூப்பிடுவன்னு. இன்னைக்குத்தான் சொன்னாங்களா? ஏனாம்?"

ஃபரங்கீஸ் பேச்சை மாற்றினாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு ரிசீவரைத் தரையில் வைத்தாள். நெசிம் வந்து எடுத்துப் போய்க் கொக்கியில் மாட்டினார்.

சபாத் என்கிற ஓய்வு நாளில், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை, அடக்கம் செய்வதில்லை; மற்றபடி இவர்கள் ஊரில் காலையில் செத்தால் மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். சித்தப்பா வெள்ளிக்கிழமை என்று சொன்னதும், சாவும் அடக்கமும் அன்றைக்கே என்று ஃபோர்த்யூனே முடிவு கட்டிவிட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். வெள்ளியிலிருந்து எண்ணினால் இன்று முப்பத்தொன்று. ஞாயிற்றிலிருந்து எண்ணினால் இருபத்தொன்பது. ஃபரங்கீஸ் இரண்டு தடவை எண்ணினாள். இரண்டு தடவையும் இருபத்தொன்பதுதான் வந்தது.

அப்பாவுக்கு ஏழு நாள் இருந்தது. முழுசாக ஏழு நாள்.

அதோடு இன்னொன்றும் அவளுக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானமே சொல்லியிருந்தால், இவர்கள் கணக்குப்படி அது இருபத்தொன்பதாம் நாள். அப்போது ஏழு நாள் துக்கம் இந்த வீட்டுக் கூடத்தில், கல்யாண வாரத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் தள்ளிப்போட்டதால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்து வந்தவளை வாசலிலேயே கட்டிக்கொண்டு, பாலில் பட்டை தட்டிப் போட்டுக் கொடுத்து, போய்ப் படு போய்ப் படு என்று ஃபோர்த்யூனே விரட்டியது எதற்கென்று இப்போது தெரிந்தது.

அவளுக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. ஃபோர்த்யூனே சமையலறை வாசலில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சே, தாந்த்" என்றாள் ஃபரங்கீஸ். இந்த ஊரில் அத்தை சித்தி எல்லாருக்கும் தாந்த்தான்.

ஃபோர்த்யூனே தன் பாவாடையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்தாள். "சாயங்காலம் சபாத் வந்திருச்சு. சபாத்துல துக்கச் சேதி சொல்லக் கூடாது."

"மத்தியானமே வந்துட்டேனே."

"வந்துட்ட."  ஃபோர்த்யூனே பொய் சொல்லத் தெரியாதவள். ஒரு மாதம் எப்படிச் சமாளித்தாள் என்பதே ஆச்சரியம். உள்ளே போய்விட்டாள்.

மூன்றரை தாண்டியிருந்தது. கோரின் இஸ்திரியை நிறுத்திவிட்டு வந்தாள். தொங்கும் விரிப்புகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து ஃபரங்கீஸின் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் நாலு வருடமாக ஒரே அறையில் தூங்குகிறவர்கள்.

"என்கூடப் பேசுவியா?" என்றாள்.

"நீயும் ஒரு மாசம் வாயத் திறக்கல."

"திறக்கல. தினம் நீ தூங்குனப்புறம் உன்னையே பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன். ஒரு தடவை எழுப்பிக்கூட விட்டேன். நீ என்னன்னு கேட்ட. குறட்டை விடறன்னு சொன்னேன்."

"நான் குறட்டை விடமாட்டேன்."

"விடுவ" என்றாள் கோரின். இருவருக்கும் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே வேறாகி, கோரின் இவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "கல்யாணத்துக்கு வருவியா? வருஷம் முடியற வரைக்கும் பாட்டு மேளம் இருக்கிற இடத்துக்கு நீ வரக் கூடாதுன்னு அப்பா சொல்றார். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியாவது வா. மோதிரம் போடறப்ப வாசல்ல நில்லு, போதும். நீ இல்லாம எனக்கு என்ன கல்யாணம்."

ஃபரங்கீஸ் அவள் முடியைக் கோதிவிட்டாள். கோபம் எங்கேயும் போகவில்லை. ஆனால் உட்கார இடமில்லாமல் நின்றது. போன வருடம் தனக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டபோது பதினோரு நாள் ஃபோர்த்யூனே தூங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்க்கிறவள், கறுப்புப் பூனை குறுக்கே போனால் தெருவையே மாற்றுகிறவள். இந்த வீட்டில் துக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் சீர் பார்க்கப் படியேறுவாளா? கல்யாணத்தையே தள்ளிவைக்கச் சொன்னாலும் சொல்வாள். வாயை மூடிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். அம்மா பேசியது ஃபாரசியில். இங்கே ஒருத்தருக்கும் அது புரியாது. அப்பாவே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பரவாயில்ல, பசிக்கல என்றுதான் சொல்லியிருப்பார்.

அதை நினைத்ததும்தான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதுவரை வந்ததெல்லாம் அழுகையே இல்லை. சத்தம் போட்டு அழுதாள். ஒரு பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று சொன்னதற்குக்கூட மனுஷனுக்கு ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கும் காதுக்கு ஃபோன் போகும்வரை பொறுக்க மாட்டாமல் இவள் எத்தனை தடவை, சரி சரி அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லியிருக்கிறாள்? எல்லாரும் அவருக்கு அரை நிமிடம்தான் கொடுத்தார்கள். அவளும்தான்.

கோரின் பயந்துபோய் எழுந்து உள்ளே போனாள்.

நாலு அடித்தது. ஃபோர்த்யூனே வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தாள். ஒரு கையில் ஃபரங்கீஸின் செருப்பு, மறு கையை நீட்டினாள்.

"எந்திரி, கண்ணு. நேரம் முடிஞ்சிருச்சு. கடவுள் உனக்கு ஆறுதல் குடுக்கட்டும்."

ஃபரங்கீஸ் அந்தக் கையைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன விரல்கள்.

"ஞாயித்துக்கிழமைதான் பொதைச்சாங்களாம், தாந்த்."

"என்ன?"

"வெள்ளிக்கிழமை பொழுது விழற நேரத்துல போயிருக்கார். சனிக்கிழமை சபாத். ராத்திரி மழை. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குத்தான் மண்ணுல வெச்சாங்களாம். இப்பத்தான் அம்மா சொன்னாங்க."

ஜன்னலோரத்தில் நெசிமின் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று தெரிந்தது. முடித்ததும் குல்லாயைத் தொட்டுக்கொண்டார். மனைவியைப் பார்க்கவில்லை.

ஃபோர்த்யூனேயின் நீட்டிய கை அப்படியே நின்றது. கயிற்றில் தொங்கிய விரிப்புகளை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப…"

"எனக்குத் தெரியுமே, தாந்த்" என்றாள் ஃபரங்கீஸ். "உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னும் தெரியும். இங்க வேண்டாம்னா வேற எங்கயாவது போய் உட்கார்ந்துக்கறேன். ஜெபாலயத்துல ஒரு மூலை குடுத்தாப் போதும். ஆனா ஏழு நாளும் உட்காரணும். அவருக்கு வர வேண்டியதுல பாதி குடுத்தாப் போதும்னு எல்லாரும் இருந்துட்டாங்க. நான் இருக்க மாட்டேன்."

 ஃபோர்த்யூனே கையை மடக்கிக்கொண்டாள். செருப்பை எடுத்துக்கொண்டு கூடத்தை விட்டுப் போனாள். அலமாரிக் கதவு திறந்து மூடியது. பிறகு வாசற்கதவு திறக்கும் சத்தம். மனசு விட்டுப்போய் எங்கேயோ கிளம்பிவிட்டாள் என்று ஃபரங்கீஸ் நினைத்தாள்.  சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்டது. திறந்தது மதாம் ரஷேல். இரண்டு கதவும் திறந்தே இருந்ததால் பேச்சு கூடம்வரை வந்தது.

"ரஷேல், முட்டை இருக்கா? ரெண்டு வேணும். அப்படியே உன் அடுப்புலயே வேகவெச்சுக் குடுத்துடு. அப்புறம், செவ்வாக்கிழமை உன் கூடம் சும்மாதானே இருக்கும்? சீரை அங்க பரப்பிக்கறேன். சம்பந்தியம்மாவ நான் பாத்துக்கறேன். வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

"முட்டையா? இந்நேரத்துல எதுக்கு?" துக்கத்தில் உட்காருபவரின் முதல் சாப்பாடு அவித்த முட்டை என்பது நினைவுக்கு வந்ததும் ரஷேலின் குரல் சட்டென்று இறங்கியது. "யாருக்குடி?"

"ஃபரங்கீஸோட அப்பாவுக்கு. ஏழு நாள் உட்காரணும். நாங்க தப்பா எண்ணிட்டோம்."

"அட கடவுளே. கல்யாண வீட்டுலயா?"  பிறகு ரஷேல், "சரி, அதுக்கு முட்டை நீயே குடுக்கலாமே? துக்கக்காரங்க அவங்க வீட்டுச் சாப்பாடுதான் முதல்ல சாப்பிடக் கூடாது. அவ உங்க வீட்ல குடியிருக்கிற பொண்ணுதானே? அசலார் வீட்டுச் சாப்பாடுதானே உன்னோடது, ஆகும்" என்றாள்.

"ஆகாது" என்றாள் ஃபோர்த்யூனே. "எங்க வீட்டு முட்டை அவ வீட்டு முட்டை. நீ உன்னோடத வேகவெய்."

கூடத்தில் நெசிம் நாற்காலிமேல் ஏறிக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். கோரின் ஓடிவந்து கீழே நின்று ஒவ்வொரு துணியாக வாங்கி மடித்தாள். கால் மணி நேரம் கழித்து ஃபோர்த்யூனே ஒரு கிண்ணத்தோடு வந்தாள். மூட்டு வலிக்காரி. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் இறங்கி, ஃபரங்கீஸுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு முட்டையைத் தரையில் தட்டி, ஓட்டை உரித்து, உப்பில்லாமல் அவள் கையில் வைத்தாள்.

ஃபரங்கீஸ் கடித்தாள். ஃபோர்த்யூனே இரண்டாவது முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.